கோதுமைப் பசை, மூன்றாம் நாள்

கறுவாத்தோட்டத்தில் விடியமுன்னே தொடங்கிய மழை.
எங்கள் கூடத்து ஈரமானி எண்பத்தொன்று காட்டுகிறது.
"என் காப்பகத்தில் இந்த எண்ணுக்கு மணி அடிக்கும்" என்கிறார் ஒகாதா.
"எங்கள் காப்பகத்தில் இந்த எண்ணுக்கு
ஜன்னலைக் கொஞ்சம் சாத்துவோம்" என்கிறாள் இரேஷா.
இருவரும் குறித்துக்கொள்கிறார்கள்.

பட்டறையில் பதினொரு பேர், ஒன்பது நாடு.
கழுத்தில் தொங்கும் அட்டையில்
என் பெயருக்கு ஒரு எழுத்துக் குறைவு,
லிஸ்பன்காரன் டுவார்தேக்கு ஒன்று கூட.
உன்னுடையதுதான் தவறி வந்திருக்கிறது, பிடி என்று
முதல் நாளே கையை நீட்டினான்.

பசை காய்ச்சும் பாடம்.
கோதுமை மா, வடித்த நீர், சிறு தீ.
ஒகாதா ஒரே திசையில் கிண்டுகிறார்,
இருபத்தைந்து நிமிடம், பேச்சில்லை.
"எங்கள் ஊர்ப் பூச்சிக்கு இது கலியாணச் சாப்பாடு"
என்று இரேஷா சிங்களத்தில் முணுமுணுக்க
மொழிபெயர்க்கச் சொல்லி எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.
மொழிபெயர்த்தேன்.
ஒகாதா முதன்முறையாகச் சிரித்தார்,
கிண்டுவதை நிறுத்தாமல்.

எனக்குத் தந்த வேலை சொற்பட்டியல்.
மீளத்தக்கது: இன்று ஒட்டியதை
நாளை வருகிறவர் காயமில்லாமல் பிரிக்கலாம்.
இழப்பு: பொருளில் இல்லாமற்போன பகுதி.
அதை அளந்து படிவத்தில் எழுது, நூற்றுக்கு இத்தனை என்று.
காரணம்: ஈரம், பூச்சி, மை, தீ.
பொருந்துவதன் கீழே கோடிடுக.

தேநீர் வேளை.
சரயேவோவிலிருந்து வந்த அஸ்மிரா
மீன் பணிஸைப் பிட்டு, உள்ளே மிளகாயைக் கண்டு,
ஓரமாய் எடுத்து வைத்துவிட்டுச் சொன்னாள்:
"எங்களுடையது ஆகஸ்ட்."
எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.
"எங்களுடையது ஜூன்."
அவள் ஆண்டு கேட்கவில்லை.
எத்தனை ஆயிரம் புத்தகம் என்றும் கேட்கவில்லை.
கேட்டது தொழிற்கேள்வி:
"சாம்பல் எவ்வளவு தூரம் போனது?"
"யாரும் அளக்கவில்லை."
"நாங்களும்தான்" என்றாள்.
பக்கத்தில் இரேஷா
சீனி போடாத பிளேன்டீயைக்
கரண்டியால் கலக்கிக்கொண்டே நின்றாள்.

மறுபடி மேசை.
ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு, நாற்பத்தேழாம் ஏடு.
எழுதிய மையே எழுத்தைத் தின்றிருக்கிறது.
மிச்சத்தை இரட்டைவால் பூச்சி.
யாருடைய தென்னை எத்தனை, பலா எத்தனை என்று
டச்சுக் கணக்கு பத்தியாய் இறங்க,
ஓரத்தில் மட்டும் சாய்ந்த தமிழில் ஒரு சாட்சி:
'...ன் மகன் ...லன் கையொப்பம்'.
தகப்பனில் ஒரு துளை, மகனில் ஒரு துளை.

ஒன்பது நாடும் குனிந்தது.
"அந்த ஓட்டைக்குள் என்ன?"
வேலனாக இருக்கலாம். நல்லனும் பொருந்தும்.
கோபாலன் என்றால் கொஞ்சம் நெருக்கும்.
தோளைக் குலுக்கினேன்.
அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

ஒகாதா ஒட்டுத்தாளைக் கத்தரியால் வெட்டுவதில்லை.
ஈரத் தூரிகையால் கோடு இழுத்துக்
கோட்டோடு கிழிக்கிறார்.
வெட்டிய விளிம்பு வழுக்கும்,
கிழிந்த விளிம்பில்தான் நார் நிற்கும், பிடிக்க.
நிறம் ஒரு படி வெளிறியிருக்க வேண்டும்:
இங்கே ஏதோ இருந்தது என்பது
பார்க்கிறவருக்குத் தெரியவேண்டும்.
எழுத்தைப் போட்டு நிரப்புவது குற்றம்.

நான் விளிம்பைப் பிடித்தேன், அஸ்மிரா பசை தடவினாள்.
பாதியில் கரண்ட் போனது.
ஈரம் உறிஞ்சும் பெட்டி ஒரு பெருமூச்சோடு நின்றது.
அதுவரை அது மறைத்திருந்த மழை
சட்டென்று கூடத்துக்குள் கேட்டது.
டுவார்தே கைபேசி வெளிச்சத்தைத் தூக்க,
"சூடு, சூடு! தள்ளிப் பிடி" என்று
நான்கு மொழியில் அதட்டினோம்.

படிவம் நிரப்பியது அஸ்மிரா.
மையின் கீழே கோடு, பூச்சியின் கீழே கோடு.
பேனா கடைசிச் சொல்லின்மேல் சற்று நின்று
கையொப்பத்துக்கு இறங்கியது.

154 பஸ்ஸில் பம்பலப்பிட்டிக்கு நின்றபடி பயணம்.
நகத்தில் பசை காய்ந்திருக்கிறது.
வெந்நீரில் இரண்டு நிமிடத்தில் போய்விடும்.
நாளைய நிகழ்ச்சிநிரலில்:
காலை ஒன்பது மணி, பூஞ்சணம்.