சாளைத் தலை

சாளையைச் சரிவாக வெட்ட வேண்டும்.
நேராக வெட்டிய துண்டு நீவாட்டில் சுழன்று
தங்கூசியை முறுக்கிவிடும்.
ரத்தத்தைக் கழுவக் கூடாது.
வாலை நண்டு தின்றுவிட்டுப் போகட்டும்,
நான் நம்புவது தலையை.
கண்குழி வழியே ஏற்றிச்
செவுளுக்குப் பின்னால் முனையை எடுத்தால்
மூன்று வீச்சுக்குத் தாங்கும்.

நீரோடியில் கடலுக்குள் கல்லடுக்கி
அரசாங்கம் போட்டு வைத்திருப்பதற்குத்
தூண்டில் வளைவு என்று பெயர்.
ஒன்பது வருஷமாகக் கிடக்கிறது,
ஒன்றும் கொத்தவில்லை.
அதன் நுனியில் குந்தி
என்னுடையதைப் போடுகிறேன்.
வடக்கே கொஞ்சம் நடந்தால் பொழியூர்.
பேருந்தின் நிறம் மாறும்,
மீனின் பெயரும்.

கிளீட்டஸ் ஆழ்கடலுக்குப் போய் முப்பத்தொரு நாள்.
கடைசியாய் வந்த போனில்
பாதி இரைச்சல், மீதி ஐஸ் விலை.
அவருடைய ஈயக்குண்டுகள்
மாவு டப்பாவுக்கு அடியில் இருப்பதை
நான் சொல்லவில்லை.
நைட்டிக்கு மேல் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு
இது மூன்றாம் ராத்திரி.
முதல் இரண்டிலும் வெறும் கொக்கிதான் திரும்பியது.
நண்டின் பரம்பரையையே திட்டித் தீர்த்தேன்.

இரண்டரை மணி. ஏற்றம் திரும்புகிற நேரம்.
ஒரு தட்டல்.
கதவைத் தட்டிவிட்டு ஓடுகிற பிள்ளைகள் மாதிரி.
பிறகு ஒன்றுமில்லை.
பிறகு விரலிடுக்கில் தங்கூசி சுட்டது.

ஓடும்போது இழுக்கக் கூடாது.
கொடு. இன்னும் கொடு.
சுருள் தீர்ந்ததும் நானும் ஓடினேன்,
பாசிக் கல்லில் முட்டி கிழிந்து,
பிறகு மணல், பிறகு அலை இடுப்புவரை.
எப்போது மாநிலம் தாண்டினேன் தெரியாது.
எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் படுத்திருந்த நாய்
தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி படுத்தது.

சட்டென்று தங்கூசி இறுகியது.
மீனின் இழுப்பு இல்லை அது. மனுஷ இழுப்பு.
அலை உடைகிற இடத்துக்கு அப்பால்
ஒரு வள்ளம், ஒரு டார்ச்.
“ஆரடா அவிடெ?”
“டா இல்ல ஓய்.”
வெளிச்சம் கொஞ்சநேரம் யோசித்தது.

கரையேற்றிப் பார்த்தால்
ஒரு வாய், இரண்டு நரம்பு.
அவருடைய கொக்கி உதட்டோரம்,
கணவாய்த் துண்டு அப்படியே வெள்ளையாய்.
என்னுடையது தொண்டைக்குள்ளே.
பத்ரோஸ் என்று பெயர் சொன்னார்,
ஒரு காதில் பஞ்சு வைத்திருந்தார்.
“என்றெ காளாஞ்சி.”
“என் கொடுவா.”
எட்டுக் கிலோவுக்குக் குறையாது.
இரண்டு பெயருக்கும் திரும்பாமல் அது
மணலை அறைந்துகொண்டிருந்தது,
பிறகு அறையவில்லை.

முதலில் கொத்தியது யாருடையதை?
கத்தி அவரிடம் இருந்தது. வயிற்றைத் திறந்தார்.
ஒரு இறால் ஓடு.
சாளைத் தலை ஒன்று, கண் இன்னும் கறுப்பாக.
இன்னொன்று.
கரைந்து முள்ளாகிக்கொண்டிருந்த மற்றொன்று.
மூன்றிலும் வெட்டு சரிவாக.

அவர் டார்ச்சை என் வாளிப் பக்கம் திருப்பினார்,
வெட்டி வைத்த துண்டுகளைப் பார்த்தார்,
சிரிக்கவில்லை.
“மூணு ராத்ரி சோறு கொடுத்தது நீயாணல்லோ.
எடுத்தோ.”

நண்டைத் திட்டியது ஞாபகம் வந்தது.

பாதி தரட்டுமா என்றேன்.
பாதி மீனை ஏலத்தில் யார் கேட்பார்கள் என்றார்.
கணவாயைத் திரும்பத் தன் கொக்கியில் சொருகினார்.
பிறகு, நினைத்துக்கொண்டவர் போல,
காற்றுப்பையை மட்டும்
இரண்டு விரலால் பிரித்தெடுத்து
மடியில் கட்டிக்கொண்டார்.
அதற்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.
வள்ளத்தைத் தள்ள ஒரு கை கொடுத்தேன்.

ஏலத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம்.
மீனை அவர் சட்டையில் சுற்றிக்
கல்லிடுக்கில் வைத்தேன்
(கிளீட்டஸின் சட்டையில். நாற்றம் போகாது.
கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்,
அல்லது சொல்லாமல்).
கறுப்புக் கண் தலையை எடுத்துப் பார்த்தேன்.
வெட்டு விளிம்பு மட்டும் லேசாக வெந்த மாதிரி.
இன்னும் இரண்டு வீச்சு பாக்கி.

கண்குழி வழியே ஏற்றினேன்.