அரைப்பாளம்

துறைமுகத்து ஐஸ் ஆலையில்
அரைப்பாளம் வாங்குகிறார் தனிஸ்லாஸ்.
“மீன் எங்கண்ணே?”
மீன் இல்லை.
சைக்கிள் கேரியரில் சாக்குச் சுற்றி
முதுநகர்ச் சந்துக்குள் தள்ளிப்போகிறார்
ஒரு மலையை.

பதினோரு வருஷம்
சுவிஸ் ஓட்டல் ஒன்றில் தட்டு கழுவியவர்.
தொட்டிக்கு மேலே சன்னல்.
சன்னல் கொள்ளாத ஆல்ப்ஸ்.
மூன்று மணிக்கு அதன் நிழல் நீலம்.
நாலு மணி நிறத்துக்கு
இன்னும் அவரிடம் பெயரில்லை.

பாளம் கரைவதற்குள்
அந்த நிழலைப் பிடித்தாக வேண்டும்.
தரையெல்லாம் தண்ணீர்.
பூனை நக்கிப் பார்த்துவிட்டுப் போகிறது.

தானே புயல் சாய்த்த பலாவில்
அறுத்த பலகை.
மை ஏறாத இடம்தான் பனி:
உளி தோண்டத் தோண்ட
சிகரம் வெளுக்கிறது.
தோண்டிய பனியெல்லாம்
காலடியில் மஞ்சள் சுருள்களாய்.
அள்ளிக்கொண்டு போய்
வெந்நீர் வைக்கிறாள் செசீலி.

ஐப்பசி ஈரத்தில் மை காயவில்லை.
துணிக்கொடியில், பாவாடைகளுக்கு நடுவே,
கிளிப் மாட்டிய ஒன்பது மலைகள்.

மீன்கூடையை இறக்கிவைத்து
அண்ணாந்து பார்த்தாள் அஞ்சலாட்சி:
“நம்ம கேப்பர் மலைதானே இது?”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித்
துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஆமா.
கொஞ்சம் நிமித்தி வச்சிருக்கேன்.”