பன்னிரண்டாம் எண் கம்பம்

பதினோரு மணி நேரமாக மின்சாரம் இல்லை.
யாரோ டார்ச் அடித்துக் கண்டுபிடித்தான்:
காரணம் மேலே உட்கார்ந்திருக்கிறது.

மின்மாற்றியின் தலையில்,
பூனையைவிடப் பருமனாக,
இரண்டு கையாலும் எதையோ பிடித்துக் கடித்தபடி.
எலி என்று சொல்லக் கூச்சமாயிருக்கும்.
எலி இல்லை என்றாலோ அதன் பல் சிரிக்கும்.
கியூபாவுக்கு மனிதர் வருமுன்பே வந்து
மரமேறி, இறங்க மனமில்லாமல் இருந்துவிட்ட இனம்.
ஹுத்தியா.

லியோவிஹில்டோ ஏணியைச் சாய்த்தார்.
நான் பிடித்துக்கொண்டேன். என் உத்தியோகம் அதுதான்:
ஏணியைப் பிடிப்பது,
மேலே இருப்பவர் கேட்டதைக் கொடுப்பது,
கீழே இருப்பவர்கள் கேட்பதற்கு
பதில் சொல்லாமலிருப்பது.

கீழே தெருவே நின்றது.
உருகிய கோழிக்கால்களை உப்பில் புரட்டிவிட்டு வந்த
டோன்யா நெரேய்டா,
"அதுதான் கம்பியைக் கடித்தது" என்றாள்.
"என்னிடம் தேன் இருக்கிறது," என்றார் எவெலியோ,
"வேர்க்கடலை யாராவது கொடுத்தால்..."
பசி வந்தால் பத்தும் பறக்கும்.
இந்த உடம்பு பறக்காது, நடக்கும்.
யார் வீட்டுப் பானை என்று வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

மேலிருந்து வெகுநேரம் குரல் இல்லை.
பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிறாற்போல்,
"யூனிஸ்லேய்டி, இது உயிரோடிருக்கிறது."

அதனால் என்ன என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்பதற்குள் விளங்கிவிட்டது.
கம்பியில் காலும் இரும்பில் வாலுமாய் உட்கார்ந்து
பாதாம் இலை தின்கிறது என்றால்
கம்பி செத்து வெகுநேரமாயிற்று,
இது ஏறுவதற்கு முன்பே.
கோளாறு எங்கோ ஒரு கொதிகலனில்,
எண்ணெயோடு வராத கப்பலில்,
எங்கள் ஏணி எட்டாத ஏதோ ஒரு மேசையில்.
தெரு சேர்ந்து சுமத்திய குற்றத்துக்கு
அது மூச்சுவிடுவதே எதிர்வாதம்.

அந்த வாதத்துக்கு ஆயுள்
மின்சாரம் வரும்வரை.
எங்கள் ஆளுக்கும் அப்படியே:
ஃப்யூஸைக் கழற்றும் நீளக்கோல்
போன மாதம் முறிந்தது. புதியது வரவில்லை.

அப்போதுதான் பார்த்தேன்.
குடாவுக்கு அந்தப்பக்கம், லா சலினாவில்
ஒரு கைப்பிடி மஞ்சள்.
பிறகு துறைமுகம்.
பேட்டை பேட்டையாகத்தான் திறந்துவிடுவார்கள்.
அடுத்தது மருத்துவமனை. அதற்கடுத்தது நாங்கள்.
"இறங்குங்கள்!" என்று கத்தினேன்.
வருகிற வெளிச்சத்துக்குத் தெரு கைதட்டியதில்
என் குரல் போன இடம் தெரியவில்லை.

அவர் தொப்பியைக் கழற்றி அதன் பின்புறத்தில் தட்டினார்.
திரும்பிப் பார்த்தது. மீசையைத் துடைத்தது.
இன்னொரு தட்டு. கூடவே ஒரு கெட்ட வார்த்தை,
சண்டி மாட்டிடம் சொல்கிற அன்போடு.
அது எழுந்தது.
ஒவ்வொரு காலாக வைத்து, வால் ஒருபுறம் அசைய,
பாதாம் மரம் வரை எட்டடி.
நான் பார்த்த நடைகளிலேயே நீளமானது.
மருத்துவமனை வெளுத்தது.
கிளை ஆடியது.
ஏணி என் கைக்குள் அதிர்ந்தது:
கடைசி நாலு படிகளை அவர் மிதிக்கவே இல்லை.

வந்தது.

கத்திய கத்தலில் நாய்கள் ஒளிந்தன.
மின்விசிறிகள், வானொலி, விழித்துக்கொண்ட ஒரு குழந்தை.
தேன் பாட்டிலை மதில்மேல் மறந்துவிட்டு
எவெலியோ தண்ணீர் மோட்டார் போட ஓடினார்.
லியோவிஹில்டோ மண்ணில் உட்கார்ந்து
நடுங்கும் முழங்காலை இரண்டு கையாலும் அமுக்கினார்.
"சரிபண்ணிவிட்டீர்களே!" என்று
தோளில் தட்டிப் போனாள் நெரேய்டா.
அவர் மறுக்கவில்லை. நானும்தான்.

அலுவலகப் படிவத்தில், 'காரணம்' என்ற கட்டத்தில்,
எப்போதும்போல் எழுதச் சொன்னார்: விலங்கு.
எழுதினேன். மை வரவில்லை.
அழுத்தி மறுபடியும் எழுதினேன்.

நாற்பது நிமிடம் இருந்தது. பிறகு போயிற்று.
இருட்டில், பாதாம் மரத்திலிருந்து
எதுவோ நிதானமாகக் கம்பிக்கு இறங்கும் சத்தம்.

ஏணியை நான் இன்னும் வண்டியில் ஏற்றியிருக்கவில்லை.