வல்லினம் மிகும் இடம்

மல்லாட்டை பிடுங்கும்போது கடித்தது.
வேப்பிலையைத் திணித்து மெல்லச் சொன்னார்கள் பெண்கள்.
கசந்தால் விஷமில்லை, தித்தித்தால் ஏறிவிட்டது.
பூங்காவனம் மென்றாள், துப்பினாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
என்னை ஓடச் சொன்னார்கள்.

பாம்புக்கடிக்கு மருந்து பாதி, தூதன் பாதி.
ஒடுகத்தூர் செங்கல்வராயர்
கடிபட்டவளைப் பார்க்க மாட்டார், வந்தவனைப் பார்ப்பார்.
கையில் கயிறு கூடாது. கோல் கூடாது.
தலை சொறியக் கூடாது. தெற்கே நிற்கக் கூடாது.
தண்ணீர் கேட்டால் முடிந்தது.
வாய் திறந்ததும் எழுத்தை எண்ணுவார்:
ஒற்றைப்படை என்றால் வேரை அரைப்பார்,
இரட்டை என்றால் அரைக்க மாட்டார்.

அணைக்கட்டு தாண்டும்போதே விரலில் எண்ணினேன்.
பூங்காவனத்தை பாம்பு கடிச்சிடுச்சு.
பதினேழு.
நடுவில் ஒரு 'ப்' வரவேண்டும்.
அஞ்சாம் வகுப்பில் அதை விட்டதற்குப்
புளியம்விளாறால் வாங்கியிருக்கிறேன்.
இன்று விட்டே ஆகவேண்டும்.
பிழையாகச் சொன்னால் பிழைப்பாள்.
உத்திர காவேரி மணலில் கால் புதையப் புதைய
அதையே சொல்லிக்கொண்டு ஓடினேன்.

அவர் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார்,
பாதி முகத்தில் சோப்பு நுரை.
வடக்கே போய் நின்றேன். கைகளைத் தொங்கவிட்டேன்.
நாக்கு வறண்டு, உதடு உதட்டோடு ஒட்டி,
ஒட்டியதைப் பிய்த்துக்கொண்டு வந்தது
"பூங்காவனத்தைப் பாம்பு..."

மிச்சத்தையும் சொன்னேன்.
தொடையில் அவர் விரல் எண்ணி முடித்தது.
"பதினெட்டு" என்றார்.
நாவிதருக்கு மறு கன்னத்தைக் காட்டினார்.

கடைத்தெருவில் ஆறு முழம் கோடித்துணி வாங்கினேன்,
ஒரு கட்டி கற்பூரம்.
யாருக்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை.
ஓரணா குறைத்துக் கொடுத்தார் சில்லறை.

வந்தபோது பொழுது இறங்கிவிட்டது.
வீங்கிய காலைக் கவிழ்த்த கூடைமேல் தூக்கி வைத்து
மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.
"என்னா சொன்னாரு?"
"ஆளு ஊர்ல இல்ல."
"கையில என்னா?"
"துணி. உனக்குத்தான்."
பிரித்தாள். "வெள்ளையா?"
"வேற நெறம் இல்ல."

இரண்டு ரவிக்கை தைத்தாள், மீதியில் தலையணை உறை.
கற்பூரத்தைக் கூரையில் செருகி ஒளித்தேன்,
ஐப்பசியில் தேடினால் காகிதம் மட்டும் இருந்தது.
பிள்ளைகள் பிறந்தார்கள். தலையணை உறையும் கிழிந்து
விளக்குத் துடைக்கப் போயிற்று.
நான் மட்டும் இன்னும்
அவள் பெயருக்கு அடுத்து க, ச, த, ப வந்துவிடாமல்
பார்த்துப் பார்த்துப் பேசுகிறேன்.
"எதுக்கு இப்பிடி நிறுத்தி நிறுத்திப் பேசற?"
என்கிறாள்.