அனுப்புநர் முகவரி

தை மழை விட்ட இரவு, மல்லாவி.
வீட்டுத்திட்ட வீட்டின் பூசாத சுவர் இன்னும் ஈரம்.
சிக்னல் பிடிக்கட்டும் என்று
ஜன்னல் கம்பியில் ரவுட்டரைச்
சணல் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறேன்.
திரையில் ஈசல்.

படிவம் வேலை செய்கிறது.
பெயர், வயல் இருக்கும் இடம், எத்தனை ஏக்கர்,
வெட்டு மெசின் எந்த நாள் வேண்டும்.
அழுத்தினால்
"உங்கள் பதிவு கிடைத்தது, நன்றி" என்கிறது.
பச்சைப் பொய்.
ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

போன வருசம் ஒரே நாளை
இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டார் துஷ்யந்தன் அண்ணை.
வவுனிக்குளத்து வாய்க்கால் கட்டில்
மெசினுக்கு முன்னால் படுத்தே விட்டாள் சுகிர்தமலர்.
"இனிக் கொப்பியும் வேண்டாம், போனும் வேண்டாம்,
எல்லாம் எனக்குக் கடிதமா வரட்டும்" என்றார்.
சங்கத்தில் கணக்கெழுதுகிற எனக்கு
அன்று தொடங்கியது இந்த வேலை.

நிரலில் "அனுப்பு" என்று ஒரு சொல்.
அது போதும் என்றிருந்தேன்.
மேசைக்கடியில் உறுமும் இந்தப் பழைய பெட்டி
பக்கம் காட்டும், கூட்டல் செய்யும்,
கடிதத்தைக் கொண்டுபோக
இதனிடம் ஆளில்லை.

அமைப்புக் கோப்பைத் திறந்தேன்.
ஆயிரத்துச் சொச்சம் வரி.
பாதிக்கு மேல், முன்னால் ஒரு அரைப்புள்ளியோடு
வாய் பொத்தி நிற்கின்றன.
அரைப்புள்ளியை அழித்தால் அந்த வரி பேசும்.
எதைப் பேச விடுவது?

இருபத்தைந்தாம் வாசலைத் தட்டினேன்.
முப்பது விநாடி. திறக்கவில்லை.
இணைப்புக் கம்பனியில் ஒரு பிள்ளை
கொட்டாவியோடு சொன்னாள்:
"வீட்டு லைனுக்கு அது பூட்டு, அக்கா.
குப்பைக் கடிதம் அனுப்புவினம் எண்டு."
நான் அனுப்பேல்லையே.
"எல்லாருக்கும்தான் பூட்டு."

எல்லாருக்கும்தான்.
ஏ9 வீதியில்,
பையைத் திறந்து பிடித்தபடி,
கேட்ட சொல்.

ஐந்நூற்றெண்பத்தேழில் திறந்தது.
முதலில் வணக்கம் சொல்ல வேண்டும்.
பிறகு யார், எங்கிருந்து, யாரிடம்.
பிறகு பேச்சைப் பூட்டிக்கொள்ள வேண்டும்,
பிறகு அனுமதிச் சொல்.
பதினேழு வயதில் ஓமந்தை வரிசையில் நின்றவளுக்கு
இந்த ஒழுங்கு மனப்பாடம்.
என் கடவுச்சொல்லையும் ஏற்கவில்லை;
நிரலுக்கென்று புதிதாய் ஒன்று தந்தார்கள்,
பதினாறு எழுத்து, நாலு நாலாய்.
கூட்டுறவுச் சிட்டையின் பின்புறம் எழுதிக்கொண்டேன்.

திரும்பவும் மறுப்பு.
அனுப்புநர் இடத்தில்
"யாருமில்லை, லோக்கல்ஹோஸ்ட்" என்று
பெட்டியே போட்டிருக்கிறது.
லோக்கல்ஹோஸ்ட் என்றால் இங்கே, இதே இடம்.
இங்கே என்பது முகவரி இல்லையாம்.
காணிக்கு அனுமதிப்பத்திரம் கேட்டுப் போன நாளில்
பிரதேச செயலகத்திலும் அதைத்தான் சொன்னார்கள்;
அங்கே ஒன்பது வருசம் எடுத்தது.
இங்கே ஒரு வரி.
என் பெயரை அதில் எழுதினேன்,
தகப்பன் பெயரோடு முழுதாய்.

ஒன்று நாற்பதுக்கு
மறுமுனை "இருநூற்றைம்பது, சரி" என்றது.
சரி.
ஆனால் போனில் ஒன்றும் இல்லை.
வெளியே தவளைகள்.
குப்பைக் கூடையைத் தோண்டினால்,
அங்கே கிடக்கிறது என் "சோதனை ஒன்று".
குப்பை அல்ல, என்று அழுத்தினேன்.
கொஞ்சம் பலமாகவே அழுத்தியிருப்பேன்.

இணைப்பை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுப் படுத்தேன்.
ஐந்து ஐம்பதுக்குத் துஷ்யந்தன் அண்ணை:
"பிள்ளை, ஒரு கடிதம் வந்து கிடக்கு.
இதை எப்பிடித் திறக்கிறது?"

சொல்லிக் கொடுத்தேன்.
எழுத்துக்கூட்டி வாசித்தார்.

பெயர்: சுகிர்தமலர்.
ஏக்கர்: இரண்டரை.
நாள்: பெப்ரவரி ஒன்பது, முதல் ஆள் நான்.
வயல் இருக்கும் இடம்:
அவருக்குத் தெரியும்.