இரண்டு புள்ளிகள்

கோத்தகிரியிலிருந்து குஞ்சப்பனைக்கு இறங்கும் வழியில்
சங்கத்தின் தகரக் கொட்டகை.
உள்ளே தேன்மெழுகு வாசம்,
மூன்று பிளாஸ்டிக் நாற்காலி.
நான்காவதாக வந்த நான்
தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்து
மடிக்கணினியைத் திறந்தேன்.

"நுரைக்கு உங்க பேச்சுல என்ன சொல்லுவீங்க?"

மூவரும் மூன்று சொல் சொன்னார்கள்.
பாறையடியில் ஆறு சுழற்றுவது ஒன்று,
மாட்டின் வாயோரம் வழிவது ஒன்று,
உலை கொதித்து மூடியைத் தள்ளுவது ஒன்று.
சோப்பில் வருவதற்கு
சோப்பு வந்து இத்தனை வருடமாகியும்
யாரும் பெயர் வைக்கவில்லை.
ஒன்றரை மணி நேரம் சண்டை.
பாறையடி நுரை ஜெயித்தது.
கெம்பன் மட்டும் கை தூக்கவில்லை.

"சோப்பு மேல அழுத்துனா தேயும்.
தேஞ்சு எங்க போகும்?
மெட்ராஸ்காரன் சாக்கடைக்குப் போகும்,
எங்க பேச்சு."

ரங்கி வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டார்.
"காலையிலருந்து நீ பேசுனதெல்லாம்
எங்க இருக்குது, காட்டு பாக்கலாம்."

அந்தச் சொல்லுக்குள் ஓர் உயிர் இருக்கிறது.
இகரத்துக்கும் உகரத்துக்கும் நடுவில்
நாக்கு முன்னும் போகாமல் பின்னும் போகாமல்
தயங்கி நிற்கும் இடம்.
என் பன்னிரண்டு உயிரிலும் அது இல்லை.
பஸ்ஸில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
சொல்லிப் பார்த்தேன்.
பக்கத்து சீட்டுப் பெரியவர்
வாந்தி வருகிறதா என்று
காகிதப் பை நீட்டினார்.

எழுத்துக்கு வழி சொன்னது தோசி.
நெற்றிப் பொட்டைத் தொட்டு,
"இதே மாதிரி, மேல, ரெண்டா வைங்க."
வைத்தேன்.
எழுத்து நிமிர்ந்து என்னைப் பார்த்தது.

மேட்டுப்பாளையம் ஜபருல்லா
முப்பது வருடமாக அச்சு வார்ப்பவர்.
பித்தளையில் இரண்டு குழியைப் பார்த்து
ஐயோ, ஓட்டை என்று
ஈயம் வைத்து அன்போடு அடைத்துவிட்டார்.

ஆயிரத்து இருநூறு கட்டி.
பெட்டியைப் பிரித்த தோசி
சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
புள்ளி போனால் அந்தச் சொல்லுக்கு
அரிப்பு என்று அர்த்தமாம்.

நஷ்டத்தை என் கூலியில்
கழித்துக்கொள்ளுங்கள் என்றேன்.
கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்காமல்
"கழிச்சாச்சு" என்றார் கெம்பன்.

அரிப்பு ஊருக்குள்ளேயே பாதி விலைக்கு விற்றது.
அந்த மழைக்காலம் முழுக்கக் குழாயடியில்
அம்மா, அரிப்பு எங்கம்மா
அரிப்பைத் தண்ணிக்குள்ள போட்டுட்டான்மா
எனக்கும் கொஞ்சம் அரிப்பு குடுறா
என்று ஒரே கூச்சல்.
எழுத்தைப் பார்க்காமலே
அத்தனை பேரும் சரியாகச் சொன்னார்கள்.

ஒப்பந்தத்தில் கெம்பன் ஒரு வரி சேர்த்தார்:
சொல் இரண்டு வருடக் கடன்.
கெடு முடிந்ததும் கூடிப் பேசுவோம்.
கையெழுத்துக்கு முன் என்னைக் கேட்டார்,
"சோப்புங்கற சொல்ல
உங்காளுங்க யாருகிட்ட வாங்குனாங்க?
திருப்பிக் குடுத்தாச்சா?"
தெரியலை என்றேன்.
"விசாரிச்சு வைங்க."

அடுத்த வார்ப்பு புள்ளிகளோடு மலை இறங்கியது.
உறையின் பின்னால் சங்கத்து போன் நம்பர்.
நேற்று அண்ணா நகரிலிருந்து ஒருவர்,
இதை எப்படிப் படிக்கறது என்று.

ரங்கி சொன்னார்.
அவர் திருப்பிச் சொன்னார்.
ரங்கி போனைக் காதிலிருந்து நகர்த்தி
எங்களைப் பார்த்து
முழங்கையைச் சொறிந்து காட்டினார்.

மறுபடி சொன்னார், மெதுவாக.
மறுபடி முழங்கை.

கெம்பன் எட்டி போனை வாங்கிக்கொண்டார்.
"அவசரமில்ல சார்.
குளிச்சிட்டுக் கூப்பிடுங்க."