இரண்டு விரற்கடை

குச்சிக்கும் என் விரலுக்கும் நடுவே
எப்போதும் இரண்டு விரற்கடை.
அவ்வளவுதான் என் உத்தியோகம்.
தொட்டால் அவன் கற்கமாட்டான்.
கொஞ்சம் தள்ளியிருந்தாலோ இருவரும்
எலகங்கா ஏரியில், கொக்குகளுக்கு மத்தியில்.

"அந்தப் பையன்தானே ஓட்டுறான்,
நீ சும்மாதானே உக்காந்திருக்க?"
போனில் என் தங்கை சிரிப்பாள்.
ஆமாம். சும்மாதான்.
சும்மா இருக்கப் பழக எனக்குப்
பதினோரு வருஷம் பிடித்தது.

பிளையிங் ஆஃபீசர் சைக்கியா. ஜோர்ஹாட் பக்கம்.
பூட்ஸ் கயிற்றில் இரட்டை முடிச்சுப் போடுகிறவன்.
நெம்புகோலை உயர்த்தினால் மூக்கு இடப்பக்கம் ஓடும்,
வலக்காலால் பிடி என்றால்
சேத்தக்கிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் மிதிப்பான்.
முதல் வாரம், பத்தடி உயரத்தில் அசையாமல் நில் என்றேன்.
கால்பந்து மைதானம் முழுக்க எங்களுக்குப் போதவில்லை.
ஐந்தாம் வாரம் ஒரு சாப்பாட்டு மேசை அளவுக்குள் நின்றான்.
அன்று மெஸ்ஸில் இரண்டு ஆம்லெட் கூடுதலாக வாங்கினான்.
பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டேன்.

மெஸ் சாலையில் மகோகனி மரங்கள்.
மார்ச்சில் காய் வெடித்து
இறகு விதைகள் தார்மேல் சுழன்றிறங்கும்.
ஒன்றைப் பொறுக்கி மாடியிலிருந்து போட்டுக் காட்டினேன்.
எஞ்சின் செத்தால் நாம் இதுதான்.
கவனி:
முதலில் ஒரு முழம் கல்லாகத்தான் விழுகிறது,
அப்புறம்தான் சுற்ற ஞாபகம் வருகிறது.
நமக்கு அந்த ஒரு முழம் கிடையாது.
எழுதிக்கொண்டான்.
முழத்துக்கு அவன் பாஷையில் என்னவோ.

செவ்வாய், காலை ஏழே கால்.
மூட்டம் விலகி, தொட்டபள்ளாபுரம் சாலையில்
லாரிகள் தெரியத் தொடங்கிய நேரம்.
ஆயிரத்து ஐந்நூறு அடி.
கீழே மொட்டைமாடிகள், கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள்,
ஒரு கைப்பிடிச் சுவரில் மஞ்சள் போர்வை.
சொல்லாமல் எஞ்சினைத் தணித்தேன்.

இடக்கை உடனே இறங்க வேண்டும்.
இறங்கவில்லை.

ஒன்று.
தலைக்குமேல் விசிறியின் குரல் கனத்தது,
ஈரத்துணியை உதறுவதுபோல்
ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது.
இரண்டு.
அவன் தாடை மட்டும் அசைந்தது.
மூன்று.

"என் கையில்" என்றேன்.
"உங்கள் கையில்" என்றான்,
ஒழுங்காக, படித்தபடி.
அன்று அது ஒன்றில்தான் பிழையில்லை.

தரையில், விசிறி நின்று வெகுநேரம் கழித்து,
"மேடம், எத்தனை விநாடி?"
இரண்டு, என்றேன்.

படிவத்தில் அவனுக்குப் பதினேழு கட்டங்கள்.
வெள்ளிக்குள் கடைசியை நிரப்ப வேண்டும்:
தொடரலாம், அல்லது வீட்டுக்கு.
இரண்டு விநாடி அவனுடையது, சரி.
மூன்றாவது என்னுடையது.
நான் அந்த மஞ்சள் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
யாரோ ஒருத்தி அதைத் தட்டிக்கொண்டிருந்தாள்.
தூசி வெயிலில் எழுந்து
அப்படியே நின்றது.
அதற்குக் கட்டமில்லை.

விங் கமாண்டர் பெள்ளியப்பாவிடம் போய்ச் சொன்னேன்.
டீயை ஊதினார்.
"கை போய்ச் சேர்ந்ததா, இல்லையா?"
"சேர்ந்தது, சார்."
"அப்புறமென்ன."

பல் டாக்டரைப் பார்த்துத் திரும்புகையில்
ஹெப்பாள் மேம்பாலத்தில் வழக்கமான நெரிசல்.
டாக்சிக்காரர் யாருடனோ கன்னடத்தில் சண்டையிட்டபடி
முன்னால் நின்ற பால் வண்டியை நெருங்கிவிட்டார்.
என் இடக்கை, கதவோரம்,
இல்லாத நெம்புகோலைத் தரைவரை அழுத்தியது.
உடனே.
ஒன்று என்று எண்ணுவதற்குள்.
இதே கைதான்.

வியாழன் இரவு.
கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில், பென்சிலில் எழுதினேன்:
மொத்தம் மூன்று. ஒன்று பயிற்றுநருடையது.
கடைசிக் கட்டம் இன்னும் வெள்ளையாக.

ஜன்னலுக்கு அப்பால் இருட்டில்
ஒரு காய் வெடித்த சத்தம்.
சுழல்கிற சத்தம் கேட்கவில்லை.
இன்னும் ஒரு முழம் ஆகியிருக்காது.